டிவியில் விவசாயம் பார்த்து யாருக்காவது பலன் இருந்திருக்கிறதா?

கேள்வி கேட்டவர் காவிரிப் படுகைக்காரர். அவருடைய அப்பா ஐந்து ஏக்கரில் நெல் போடுகிறார், விவசாய நிகழ்ச்சி எந்தச் சேனலில் வந்தாலும் இன்னமும் உட்கார்ந்து பார்க்கிறார். மகனுக்கு இரண்டு சந்தேகம். சென்னை தூர்தர்ஷனின் பழைய விவசாய நிகழ்ச்சியான வயலும் வாழ்வும் காலத்திலிருந்து இத்தனை வருடமாக ஒளிபரப்பியதில் விவசாயிக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைத்ததா, இல்லை அரசாங்கம் கடமைக்குச் செய்த வேலையா? அப்புறம், கையில் யூடியூப் இருக்கும்போது இதற்கென்று தனியாகச் சேனல் எதற்கு?

கிடைத்தது. ஆனால் எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் இல்லை. எங்கே பார்த்தவன் திருப்பிக் கேட்க ஒரு வழி இருந்ததோ அங்கே பலன் இருந்தது. எங்கே ஒளிபரப்பியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தார்களோ அங்கே டிவி ஓடியது, வயல் அப்படியே இருந்தது. நான் வேளாண் விரிவாக்கப் பணியில், அதாவது புது முறைகளை விவசாயியிடம் கொண்டுபோய்ச் சொல்கிற வேலையில் இருந்தவன், நிகழ்ச்சி எடுக்க வந்தவர்களோடு வரப்பில் நடந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிவிக்கு முன்னால் ரேடியோவைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. 1956இல் யுனெஸ்கோ உதவியோடு ஆல் இந்தியா ரேடியோ புனே பக்கத்தில் 5 மாவட்டங்களில் 150 கிராமங்களை எடுத்துக்கொண்டு வானொலி மன்றங்கள் அமைத்தது. கனடாவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த முறைதான். ஊரில் இருபது பேர் மாதிரி சேர்ந்து உட்காருவார்கள், வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேர நிகழ்ச்சி கேட்பார்கள், முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவார்கள். சந்தேகங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள், அதற்குப் பதில் அடுத்தடுத்த நிகழ்ச்சியில் வரும். ரேடியோவை அணைத்த பிறகு நடந்த அந்தப் பேச்சுதான் முக்கியம். மன்றம் இருந்த ஊரில் மக்கள் கற்றுக்கொண்டது, வெறும் ரேடியோ பெட்டி மட்டும் இருந்த ஊரை விடத் தெளிவாக அதிகம்.

நம் பக்கத்துக்கு வந்தால், அறுபதுகளில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் தஞ்சாவூர் மாவட்டத்தில் பரவியதில் திருச்சி வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. ஜனங்களே அதை ரேடியோ நெல் என்று கூப்பிட்டார்கள். உங்கள் தாத்தாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் அதை ரேடியோவின் தனி வெற்றியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்போது தஞ்சாவூரில் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. ரேடியோவில் சொன்ன விதை கூட்டுறவுச் சங்கத்தில் கிடைத்தது, உரம் கிடைத்தது, கடன் கிடைத்தது, கேட்டால் சொல்ல கிராம சேவக் என்ற ஊர் அளவிலான அரசுப் பணியாளர் இருந்தார். காதில் விழுந்த விஷயத்தைக் காலால் நடந்து போய் வாங்க முடிந்தது. இது பின்னாடி வந்த பல நிகழ்ச்சிகளுக்கு வாய்க்கவே இல்லை.

டிவியில் விவசாயம் என்பது 1967 ஜனவரி 26 அன்று கிருஷி தர்ஷன் என்ற பெயரில் தொடங்கியது. டெல்லியைச் சுற்றி 80 கிராமங்கள், அவற்றில் பொது டிவி பெட்டிகள். அப்போது டெல்லியைத் தவிர வேறு எங்கும் டிவியே கிடையாது. நாட்டில் ஒரே ஒரு நிலையம் இருந்த காலத்திலேயே கிராமத்தை யோசித்தார்கள் என்பதை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்வேன். அதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய். டிவி நகரத்துக்கு வந்து மெதுவாகக் கிராமத்துக்குப் போகட்டும் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. செயற்கைக்கோள் வைத்தால் நேராகக் கடைக்கோடி கிராமத்தில் இறக்கலாம் என்றார். அமெரிக்காவின் நாசாவோடு 1969இல் ஒப்பந்தம் ஆனது. 1971 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார், திட்டம் அவருக்குப் பிறகு நடந்தது.

அதுதான் சைட், செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சி காட்டிப் பார்த்த சோதனை. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, சரியாக ஒரு வருடம். ஏடிஎஸ் 6 என்ற நாசா செயற்கைக்கோளை இந்தியாவுக்குத் தெரிகிற மாதிரி நகர்த்தி வைத்தார்கள். ஆந்திரா, பீகார், கர்நாடகா, மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் என்று ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். ஊருக்கு ஒரு பெட்டி, கூரைமேல் பத்தடி அகலத்துக்குக் கோழிக்கூண்டுக்குப் போடுகிற கம்பி வலையிலேயே செய்த குடை ஆன்டெனா. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்: காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. விவசாயம், சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு, கொஞ்சம் பாட்டு, நாடகம். கரண்ட் இல்லாத ஊரில் பேட்டரியில் ஓட்டினார்கள். தமிழ்நாடு இதில் இல்லை. நமக்கு அதே மாதம், 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னை தூர்தர்ஷன் வந்தது, சாதாரண கோபுர ஒளிபரப்பாக.

பொறியியல் பக்கம் சைட் ஒரு சாதனை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பின்னாடி வந்த இந்தியாவின் சொந்த இன்சாட் செயற்கைக்கோள் வரிசைக்கு அதுதான் பயிற்சிக் களம். ஆனால் கிராமத்தில் என்ன ஆயிற்று? இஸ்ரோவே சமூக ஆய்வாளர்களை அனுப்பிப் பார்த்தது, சிலர் மாதக்கணக்கில் கிராமங்களிலேயே தங்கினார்கள். உடல்நலம் மாதிரி விஷயங்களில் விவரம் தெரிந்தது கூடியிருந்தது, அதுவும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் பெண்களிடமும். விவசாயத்தில் கதை வேறு. கைக்காசோ கூடுதல் வசதியோ கேட்காத முறைகளை ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். மற்றவற்றைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். டிவியில் சொட்டு மருந்து பற்றிச் சொன்னால் கையில் பிள்ளை இருக்கிறது, கூட்டிக்கொண்டு போகலாம். போர் போட்டு மோட்டார் வைத்து வீரிய விதை போடச் சொன்னால் பார்க்கிறவனிடம் கிணறு இருக்க வேண்டுமே. ஒரு வருடம் முடிந்ததும் செயற்கைக்கோளை நாசா திருப்பி எடுத்துக்கொண்டது. பாதிக்கும் மேற்பட்ட ஊர்களில் பெட்டி ஊமையாகிவிட்டது.

இதே காலத்தில் குஜராத்தில் கேடா மாவட்டத்தில், பீஜ் என்ற கிராமத்தில், ஒரு கிலோவாட் கோபுரத்தை வைத்து இன்னொரு வேலை நடந்தது. என்னைக் கேட்டால் இந்திய விவசாய ஒளிபரப்பில் உருப்படியாக நடந்தது அதுதான். சுமார் 400 கிராமங்கள், பொதுப் பெட்டிகள், அந்த வட்டாரக் குஜராத்தியிலேயே நிகழ்ச்சி. அகமதாபாத்திலிருந்து தயாரிப்பாளர்கள் ஊருக்குள் வந்து தங்கி, என்ன பிரச்சினை என்று கேட்டு, ஊர்க்காரர்களையே நடிக்க வைத்து எடுத்தார்கள். விதை, உரம், கறவைமாடு மட்டும் இல்லை, கூலி சரியாகக் கொடுக்காதது, தீண்டாமை, கூட்டுறவில் நடக்கிற தில்லுமுல்லு எல்லாம் வந்தது. கூலி விஷயம் டிவியில் வந்தால் அந்த ஊர் மிராசுதாருக்குக் கோபம் வரும்தானே, வந்தது. யுனெஸ்கோ 1984இல் கிராமத் தொடர்புக்கான விருதை இதற்குக் கொடுத்தது. விருது வாங்கின கையோடு, எண்பதுகளின் நடுவில், அந்தச் சிறிய ஒளிபரப்பு நின்றுபோனது. நாடு முழுக்கக் கோபுரம் எழுப்பி டெல்லி நிகழ்ச்சியை எல்லோருக்கும் காட்டுவதுதான் அப்போது பெரிய வேலையாக இருந்தது. 400 கிராமத்துக்கு மட்டும் ஒரு நிலையம் என்பது யாருக்கும் கணக்கில் வரவில்லை.

எனக்கு இதில் இன்றைக்கும் ஆற்றாமை உண்டு. ஒளிபரப்புகிற பாதிக்கு எப்போதும் பணம் ஒதுக்குவார்கள். கேட்டுக்கொள்கிற பாதிக்கு ஒதுக்கமாட்டார்கள். கோபுரத்தைத் திறந்து வைக்கலாம், கேமரா வாங்கியதை ரசீது காட்டலாம். ஊர் ஊராகப் போய் என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று கேட்டு வர ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தால் அது வீண்செலவு என்று முதலில் வெட்டுவார்கள்.

சரி, வயலும் வாழ்வும். ஒரே சேனல் இருந்த காலத்தில் மாலை நேரத்தில் வந்ததால் சென்னை நகரத்தில் இதைக் கேலி பேசாத ஆள் இல்லை. அந்தக் கேலியை நான் ஒப்புக்கொள்வதில்லை. நிகழ்ச்சியில் குறை இருந்தது, அதைச் சொல்கிறேன், ஆனால் குறை நகரத்துக்காரனுக்குப் பிடிக்காதது அல்ல. முதல் குறை, கறுப்பு வெள்ளை. இதை யாரும் யோசிப்பதில்லை. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982இல்தான் வந்தது, கிராமத்துப் பெட்டிகள் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் கறுப்பு வெள்ளைதான். பயிர் நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை நிறத்தில் இருக்கிறது. தழைச்சத்துக் குறைந்தால் அடி இலை முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைந்தால் புது இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். துத்தநாகம் குறைந்த நெல்லில் துருப்பிடித்த மாதிரி புள்ளி விழும். கறுப்பு வெள்ளையில் இந்த மூன்றும் சாம்பல் நிற இலைதான். அறிவிப்பாளர் வாயால் சொல்வதை நம்ப வேண்டியதுதான், அப்படியென்றால் அது படம் காட்டுகிற ரேடியோ.

இரண்டாவது குறை கேமரா எங்கே நின்றது என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல விவசாய நிகழ்ச்சிக்கும் மோசமான விவசாய நிகழ்ச்சிக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும். நெல்லில் புகையான் என்று ஒரு பூச்சி, உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அது இலையில் உட்காராது. தூரடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே பார்த்தால் வயல் பச்சைப்பசேல் என்று இருக்கும். திட்டுத் திட்டாகக் கருகித் தெரியும்போது விஷயம் கைமீறியிருக்கும். வரப்பில் நின்று வயலை அகலமாக எடுத்து, அதன்மேல் அதிகாரி குரலில் புகையானைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று ஓட்டிய நிகழ்ச்சிகள் எத்தனையோ. பார்த்தவனுக்கு மருந்தின் பெயர் மட்டும் மனதில் நிற்கும்.

நான் கூட இருந்த ஒரு படப்பிடிப்பில் கேமராக்காரர் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய கேமராவைத் தண்ணீருக்கு அரை அடி மேலே பிடித்துக்கொண்டார். வயலுக்குச் சொந்தக்கார அம்மா ஒரு குத்தை, அதாவது ஒரே இடத்தில் வளர்ந்த நெற்பயிர்க் கொத்தை, கையால் விலக்கிப் பிடித்து உள்ளங்கையால் தட்டினார். பழுப்புப் பூச்சிகள் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்து, மறுபடி தத்தித் தத்தித் தூரில் ஏறின. கூடவே ஒரு சிலந்தி ஓடியது. வேளாண் அலுவலர் அந்தச் சிலந்தியைக் காட்டச் சொன்னார். சிலந்தி இல்லாத வயலில் ஒரு தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு, ஒரு பூச்சி இருந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம், சிலந்தியே அதைப் பார்த்துக்கொள்ளும். தண்ணீரை வடித்துவிடுங்கள், யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், சில மருந்துகளை அடித்தால் சிலந்தி செத்துப் புகையான் இன்னும் பெருகும் என்றார். முழுதாக நான்கு நிமிடம்கூட வராது. அதைப் பார்த்தவர்கள் மறுநாள் வயலில் குனிந்து குத்தைத் தட்டிப் பார்த்தார்கள், எனக்கு நேரில் தெரியும். ஒரு தடவை மருந்து அடிக்கிற செலவு அந்த வீடுகளில் மிச்சம்.

வாயால் சொன்னால் புரியாது, எழுதினாலும் புரியாது, காட்டினால் ஒரு நிமிடத்தில் புரியும் என்கிற விஷயங்கள் விவசாயத்தில் நிறைய. ஒற்றை நாற்று நடவு வந்த புதிதில் பதினான்கு நாள் நாற்றைப் பாய் நாற்றங்காலிலிருந்து மண்ணோடு பெயர்த்து, வேர் அறுபடாமல் மேலாக வைப்பது எப்படி என்று சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறோம். இவ்வளவு பொடி நாற்று பிழைக்குமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அதே வயலை இருபது நாள் கழித்து, நாற்பது நாள் கழித்துக் காட்டும்போதுதான் நம்பிக்கை வந்தது. 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபோதும் அப்படித்தான். புழுவின் தலையில் தலைகீழாகக் கவிழ்த்த ஒய் எழுத்து மாதிரிக் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி. ஒரு தடவை திரையில் பெரிதாகப் பார்த்தவன் மறக்கமாட்டான். மருந்தை இலைமேல் தெளிக்காமல் குருத்துக்குள் விழுகிற மாதிரி அடிக்க வேண்டும் என்பதையும் கண்ணால் பார்த்தால்தான் கை பழகும்.

அடுத்தது பருவம். தமிழ்நாட்டுக்கு ஒரே நிகழ்ச்சி என்பதே கொஞ்சம் சிரமமான ஏற்பாடு. ஜூன் மாதம் மேட்டூர் திறந்தால் டெல்டாவில் குறுவைப் பேச்சு. அதே மாதம் ராமநாதபுரத்துக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான், அவனுக்கு மழையே அக்டோபரில். கொங்குப் பக்கம் தென்னையும் மஞ்சளும், நீலகிரியில் காய்கறியும் தேயிலையும். சென்னையில் உட்கார்ந்து வாரத்துக்கு நான்கைந்து நாள் அரை மணி நேரத்தில் இத்தனை பேருக்கும் காலத்தோடு சொல்ல முடியாது. களை எடுக்கிற நாளில் விதை நேர்த்தி பற்றி வந்தால் பார்ப்பவன் சேனலை மாற்றத்தான் செய்வான். இதை அரசாங்கம் உணராமல் இல்லை. 2004இல் வேளாண் அமைச்சகமும் தூர்தர்ஷனும் சேர்ந்து 180 சிறிய கோபுரங்களிலிருந்து அந்தந்த வட்டாரத்துக்கு மட்டும் விவசாய நிகழ்ச்சி கொடுக்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். சரியான யோசனை. ஆனால் அதற்குள் ஜனங்கள் கேபிளுக்குப் போயிருந்தார்கள், கோபுரத்திலிருந்து ஆன்டெனா வைத்துப் பிடிப்பவர் குறைந்துகொண்டே வந்தார்கள். 2022 வாக்கில் அந்தப் பழைய கோபுரங்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று.

பெட்டி எங்கே இருந்தது என்பதும் சாதாரண விஷயம் இல்லை. பஞ்சாயத்து டிவி இருந்த காலத்தில் அது ஊர்த்தெருவில், மன்றக் கட்டடத்தில் இருக்கும். காலனிக்காரர்கள் எத்தனை பேர் வந்து தாராளமாக உட்கார முடிந்தது? பெண்கள் எத்தனை பேர் வந்தார்கள்? நாற்று நடுவது, களை எடுப்பது, மாடு பார்ப்பது எல்லாம் பெண்கள், நிகழ்ச்சி பார்த்தது ஆண்கள். நிகழ்ச்சியும் உழவர் பெருமக்களே என்று ஆண்களைப் பார்த்தே பேசியது. 2006க்குப் பிறகு அரசு இலவச கலர் டிவி வீடு வீடாகப் போனது, ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். பெண்கள் கையில் ரிமோட் வந்தது. ஆனால் கூட்டமாகப் பார்த்துக் கலந்து பேசுவது அதோடு போயிற்று. ஒன்றைப் பெற்றோம், ஒன்றை இழந்தோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிராமத்தில் டிவி செய்த பெரிய மாற்றம் விவசாய நிகழ்ச்சியால் வந்தது இல்லை. கேபிள் டிவி புதிதாக வந்த கிராமங்களை வைத்து ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2009இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்து மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கேபிள் வந்த பிறகு, புருஷன் அடிப்பதைச் சரி என்று சொல்கிற பெண்கள் குறைந்தார்கள், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பது குறைந்தது, வீட்டு முடிவுகளில் பெண்கள் பேச்சு எடுபட ஆரம்பித்தது. அவர்கள் பார்த்தது பெரும்பாலும் சீரியல். யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை, வேறு மாதிரி வாழ்கிற குடும்பங்களைத் தினமும் பார்த்தார்கள். விவசாய நிகழ்ச்சி எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அறிவுரையை விட, தன்னைப் போன்ற இன்னொரு ஆள் செய்வதைப் பார்ப்பது ஆழமாக இறங்கும்.

எண்ணிக்கை வேண்டும் என்றால் 2003இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நடத்திய சர்வே ஒன்று இருக்கிறது. நாட்டில் விவசாயக் குடும்பங்களில் 40 சதவீதம்தான் எங்கிருந்தாவது தொழில்நுட்பத் தகவல் பெற்றதாகச் சொன்னார்கள். மொத்த விவசாயக் குடும்பங்களில் பக்கத்து முன்னோடி விவசாயியிடம் கேட்டவர்கள் 16.7 சதவீதம், உரம் மருந்து விற்கிற கடைக்காரரிடம் கேட்டவர்கள் 13.1, வானொலி 13, டிவி 9.3, செய்தித்தாள் 7. என் துறை, அதாவது விரிவாக்கப் பணியாளர், 5.7. இந்தக் கடைசி எண் எனக்கு வலிக்கிற எண். ஒரு அலுவலர் தலையில் அத்தனை ஊர்களைக் கட்டினால் இப்படித்தான் வரும். அதனால் டிவியால் என்ன பயன் என்று கேட்கும்போது, டிவி இல்லையென்றால் அந்த இடத்தில் யார் இருந்திருப்பார் என்றும் பாருங்கள். பெரும்பாலும் மருந்துக்கடைக்காரர்தான். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, ஆனால் மருந்து வேண்டாம், சிலந்தி பார்த்துக்கொள்ளும் என்று அவர் சொல்வார் என எதிர்பார்க்க முடியாது.

தனியார் சேனல்கள் வந்த பிறகு நல்லதும் வந்தது, ஆபத்தும் வந்தது. மக்கள் தொலைக்காட்சியின் மலரும் பூமி மாதிரி நிகழ்ச்சிகள் விவசாயியையே பேச விட்டன, அதிகாரி மேஜை ஓரமாகப் போனது. தெலுங்கில் ஈடிவியின் அன்னதாதா காலைநேரப் பழக்கமாகவே ஆகிவிட்டது. ஆபத்து என்னவென்றால் வெற்றிக் கதை. ஒரு ஏக்கரில் இத்தனை லட்சம் என்று தலைப்பு வைத்து, நிலம் யாருடையது, தண்ணீர் எங்கிருந்து, முதல் மூன்று வருடம் என்ன நஷ்டம், குடும்பத்தில் வேறு சம்பளம் வருகிறதா, நாற்று விற்பதுதான் உண்மையான வருமானமா என்று எதையும் கேட்காமல் முடித்துவிடுவார்கள். ஈரோடு மாவட்டத்தில் ஈமு கோழி வளர்ப்பு என்ற பெயரில் நடந்தது நினைவிருக்கும். டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, பார்த்தவர்கள் நகையை விற்றுப் பணம் கட்டினார்கள், 2012இல் எல்லாம் சரிந்தது, தீவனம் போட ஆள் இல்லாமல் பறவைகள் செத்தன. விவசாயி டிவியை நம்புகிறான். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அவனைக் கெடுக்கவும் முடிகிறது.

இப்போது யூடியூப். உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வேண்டிய நேரத்தில் பார்க்கலாம், நிறுத்திப் பார்க்கலாம், பக்கத்து வட்டாரத்துக்காரனே அவன் பேச்சில் சொல்கிறான், கீழே கேள்வி எழுதினால் சில பேர் பதிலும் சொல்கிறார்கள். இது வானொலி மன்றத்துக்கே பக்கத்தில் வருகிற விஷயம், நான் சந்தோஷப்படுகிறேன். ஆனால் அங்கே பொறுப்பு ஏற்க ஆள் இல்லை. தவறான அளவு சொன்ன ஒரு வீடியோவைப் பார்த்து ஒருவர் பயிரைக் கருக்கிக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பது? எந்த மாவட்டம், எந்த மாதம் எடுத்தது என்று பாதி வீடியோவில் இருக்காது. நாலு வருடம் முந்தைய வீடியோ இன்றைக்குத்தான் வந்த மாதிரி மேலே வரும், அதில் சொன்ன மருந்தை அதற்குள் தடைகூடச் செய்திருப்பார்கள். யாருக்குப் பார்வை அதிகமோ அதுதான் முன்னால் வரும், அடி இலை மஞ்சளானதற்கு அடக்கமாகக் காரணம் சொல்கிற வீடியோ கீழே கிடக்கும்.

வீடியோவை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு 2006இல் பெங்களூரில் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் நல்ல முன்மாதிரி. அந்த வட்டாரத்து விவசாயியை வைத்தே சின்ன வீடியோ எடுத்தார்கள். அதை ஊரில் ஒரு குழுவுக்குக் காட்டும்போது உள்ளூர்க்காரர் ஒருவர் கூடவே இருந்து, நடுவில் நிறுத்தி, புரிந்ததா என்று கேட்டு, யார் செய்து பார்க்கிறீர்கள் என்று குறித்துக்கொண்டார். பழைய முறையில் அலுவலர் நேரில் போய்ச் சொல்வதோடு ஒப்பிட்டால், ஒரு விவசாயி ஒரு புது முறையை ஏற்க ஆகிற செலவில் பத்து மடங்கு மிச்சம் என்று அவர்களுடைய ஆரம்ப ஆய்வு சொன்னது. புனேயில் 1956இல் செய்ததும் இதுவும் அடிப்படையில் ஒன்றுதான். கருவி மட்டும் மாறியிருக்கிறது.

தனி சேனல் தேவையா என்றால், தூர்தர்ஷனின் விவசாயச் சேனலான டிடி கிசான் 2015 மே 26 அன்று தொடங்கியது, பெரும்பாலும் இந்தி, பெரும்பாலும் வடக்கத்திப் பயிர்க் காலம். 2024 மே மாதத்தில் ஐம்பது மொழிகளில் பேசும் என்று இரண்டு செயற்கை நுண்ணறிவு அறிவிப்பாளர்களைக் கொண்டுவந்தார்கள். அறிவிப்பாளர் பஞ்சம் எப்போதுமே இருந்ததில்லை. பேராவூரணியில் தென்னையில் என்ன பூச்சி வந்திருக்கிறது என்று போன வாரம் போய்ப் பார்த்து வந்த ஆள்தான் பஞ்சம். அந்தப் பணத்தில் பாதியை மாவட்டத்துக்கு ஒரு சிறு குழுவாக, வேளாண் அறிவியல் நிலையத்தோடு சேர்த்து, ஒரு கேமராவும் ஒரு வண்டியும் கொடுத்து நிறுத்தினால், அதில் எடுப்பதை டிடி தமிழிலும் போடலாம், வாட்ஸ்அப்பிலும் போடலாம். யார் வழியாகப் போகிறது என்பது எனக்கு முக்கியமாகத் தெரியவில்லை. ஆனால் சேனலே வேண்டாம் என்று மூடுவதை எதிர்ப்பேன். மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருக்கிற வீடுகள், டேட்டா தீர்ந்துபோகிற போன்கள், எழுத்தைப் படித்துத் தேட முடியாத பெரியவர்கள் இருக்கும் வரைக்கும் அது தேவை. புயல் நேரத்தில் இன்னும் தேவை.

உங்கள் அப்பா பார்க்கட்டும். தடுக்காதீர்கள். கூட உட்கார்ந்து பார்த்தால் இன்னும் நல்லது. ஏதாவது புதிதாகச் சொன்னால் எந்த மாவட்டத்தில் எடுத்தது, என்ன ரகம், தண்ணீர் எப்படி என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் ஐந்து ஏக்கரிலும் போடாமல் ஒரு மூலையில் பத்து சென்ட்டில் போட்டுப் பார்க்கட்டும். பூச்சி, நோய் என்றால் நிகழ்ச்சியில் சொன்ன மருந்தை நேராக வாங்காமல் கிசான் கால் சென்டருக்கு, 1800 180 1551, ஒரு போன் போடச் சொல்லுங்கள். காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. போன் செய்வதற்கு முன்னால் ரகம், நட்ட தேதி, கடைசியாக உரம் வைத்தது எப்போது, ஏற்கெனவே அடித்தது என்ன, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பதில் சரியாக வரும், இல்லாவிட்டால் பொதுவாக ஏதோ சொல்லி முடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்கிற மருந்தின் பெயரையும் அளவையும் அதே தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போகட்டும். டப்பாவில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிற மருந்தின் பெயரோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். இதுவும் அதே மாதிரிதான் என்று வேறொன்றை எடுத்துக் கொடுத்தால் வாங்காமல் அடுத்த கடைக்குப் போகச் சொல்லுங்கள்.